ஓரத்தில் எழுதிய வரி

அன்பின் ஐயா,

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவையில் ஆசிரியை. எங்கள் தாத்தா 1920களின் கடைசியில், தோட்டத்துக்கு வரும் ஆட்களைத் தமிழ்நாட்டுக் கரையில் தங்கவைத்து அனுப்பிய மண்டபம் கேம்ப் வழியாக வந்து, இங்கேயே கல்யாணம் முடித்து, இங்கேயே காலமானவர். கத்தோலிக்கர். எந்த ஊர் என்று கேட்டால் அப்பாயி ‘சருகணிப் பக்கம்’ என்று மட்டும் சொல்லும். தாத்தாவின் மரணச் சான்றிதழில் பிறந்த இடம் ‘இந்தியா’ என்றிருக்கிறது. என் பிறப்புச் சான்றிதழில் பாட்டனாரைப் பற்றிய கூட்டில் வெறும் கோடு. சருகணிக் கோயிலுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இனி எங்கே தேடுவது?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

தாத்தாவின் பேரையும் தோட்டத்தின் பேரையும் உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டுத்தான் போட்டிருக்கிறேன்.

அந்தக் கோடு ஏன் வந்தது தெரியுமா? 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இந்த மண்ணில் பிறந்தவரிடமும் தகப்பன் இங்கே பிறந்தாரா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. ‘பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால்’ என்ற கூடு சான்றிதழில் இருப்பது அதனால்தான். அதை நிரப்ப முடியாத நம் சனம் லட்சக்கணக்கில் நாடற்றுப் போனது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்தானது. அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஆனாலும் தேடுகிறவருக்கு அதில் ஒரு சேதி இருக்கிறது: தாத்தாவின் பிறப்பை இந்நாட்டுப் பதிவகங்களில் தேடி அலைய வேண்டாம்.

இந்திய அரசாங்கப் பதிவிலும் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அந்தக் காலத்துக் கிராமப் பிறப்புக் கணக்கில் பல இடங்களில் தகப்பன் பேரும் ஆணா பெண்ணா என்பதும்தான் இருக்கும். பிள்ளைக்குப் பேரே இருக்காது. கோயில் ஏட்டில் பிள்ளையின் பேர், பிறந்த நாள், தாய் தகப்பன், ஞானத்தாய் ஞானத்தகப்பன் எல்லாம் சேர்ந்து கிடைக்கும்.

ஆனால் அக்கரைக்கு எழுதுமுன் இங்கே, தாத்தா தாலி கட்டிய கோயிலில் கேட்டிருக்கவேண்டும். 1908 உயிர்ப்பு ஞாயிறு முதல் ரோமாபுரியின் கட்டளை ஒன்று நடப்புக்கு வந்தது. கல்யாணத்தை நடத்திவைக்கும் சாமியார், மாப்பிள்ளையும் பெண்ணும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயில்களுக்கு அதை அறிவிக்கவேண்டும். அங்குள்ளவர் ஞானஸ்நான ஏட்டில் அவரவர் பேருக்கு நேரே, ஓரத்தில், அதைக் குறித்துவைக்கவேண்டும். அறிவிக்கவேண்டுமென்றால் எந்தப் பங்கில் ஞானஸ்நானம் என்று உங்கள் தாத்தாவிடம் கேட்காமல் இருந்திருக்க முடியாதே!

என் அம்மாயியின் ஊரை அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஹட்டன் பக்கத்துக் கல்யாண ஏட்டில் ஊர்ப்பேர் இருந்தது. அந்த ஊருக்குப் போனபோது அவளைத் தெரிந்தவர் ஒருவரும் மிச்சமில்லை. பழுப்பேறிய ஏட்டில் அவள் பேருக்கு ஓரமாக, பொடி எழுத்தில், என் தாத்தாவின் பேர், தேதி, ‘சிலோன்’. கோயில் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன்.

பேர் விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் கிளாக்கர் தன் காதில் விழுந்தபடி எழுதியது ஒரு பேர். கோயிலில் இலத்தீனில் எழுதியது இன்னொரு பேர். இராயப்பன் அங்கே பெத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சந்தியாகு யாக்கோபுஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், ஞானப்பிரகாசம் அலோசியுஸ். இது தெரியாமல் ஏட்டைப் புரட்டிவிட்டு ‘அப்படி ஒரு ஆளே இல்லை’ என்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். நமக்குக் குடும்பப் பேரும் கிடையாது. ஒரே ஊரில் ஒரே வயதில் மூன்று இராயப்பன் இருப்பார்கள். தகப்பன் பேரோடு தாயின் பேரும் பொருந்தினால்தான் அவர் உங்கள் ஆள்.

அப்பாயி சொன்ன ‘பக்கம்’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். அன்று சருகணியோடு சேர்ந்திருந்த ஒரு சிற்றூர் பிறகு தனிப்பங்காகியிருக்கலாம். பழைய ஏடு தாய்ப்பங்கிலேயே தங்கியிருக்கும். மேற்றிராசனங்களும், அதாவது ஆயர்களின் ஆட்சிப் பகுதிகளும், மாறிவிட்டன. சருகணி இருக்கும் சிவகங்கை மேற்றிராசனமே 1987இல் பிரிந்ததுதான். இங்கேயும் அதே கதைதான்: தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஏடு இருக்காது. அந்நாளில் உங்கள் தோட்டத்துக்குப் பூசைக்கு வந்த சாமியார் எந்தக் கோயிலிலிருந்து வந்தார் என்று வயதானவர்களைக் கேளுங்கள்.

சைவக் குடும்பங்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் 1949 சட்டத்தின் கீழ் பாட்டன்மார் போட்ட பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி றங்குப்பெட்டியில் கிடக்கிறதா என்று பார்க்கட்டும்.

உங்கள் ஊர்ப் புனித மரியாள் ஆலயத்தடியில் 1879இல் காலமான ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறை இருக்கிறதே, பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். இந்நாட்டில் இறந்த ஐரோப்பியரின் கல்லறை வாசகங்களை 1913இல் நூலாகவே அச்சிட்டார்கள். தேயிலைத் தூருக்கடியில் கிடக்கும் நம்மவர்க்கு அந்த ஏட்டு வரிதான் கல்வெட்டு. அதனால்தான் உங்களை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கல்யாண ஏட்டைப் படம் எடுக்க விடாவிட்டால் கையால் எழுதிக்கொள்ளுங்கள். சாட்சிகளின் பேரையும் சேர்த்து, எழுத்து விளங்காவிட்டாலும் அதன் உருவத்தை அப்படியே வரைந்து, எனக்கு அனுப்புங்கள். வாசித்துச் சொல்கிறேன். சருகணிக்கு மூன்றாவது கடிதத்தை நாம் சேர்ந்து எழுதுவோம்.