உள்ளே போகும் ஆக்சிஜன் என்ன ஆகிறது?

அன்புள்ள ஐயா,

பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு, விறகு எரிவது மாதிரி ஆக்சிஜன் செல்லுக்குள் சர்க்கரையை எரித்து, கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியே வருகிறது என்று சொன்னேன். "டீச்சர் அப்படிச் சொல்லலையேம்மா" என்கிறாள். எது சரி?

கவிதா

அன்புள்ள கவிதா,

உங்கள் மகளின் டீச்சர் பக்கம்தான் நியாயம். விறகானாலும் சோறானாலும் கடைசியில் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்தான். ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜன் போய்ச்சேருவது தண்ணீரில்.

முதலில் குளுக்கோஸ் என்ற சர்க்கரை, பைருவேட் என்ற இரண்டு சிறிய மூலக்கூறுகளாக உடைகிறது. இதற்கு ஆக்சிஜனே வேண்டாம். நிகர லாபம் 2 ஏடிபி (செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு). அப்புறம் பைருவேட், செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகிறது. அதைப் படிப்படியாக உடைக்கும், உயிர்வேதியியலாளர் ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-ல் விளக்கிய வேதிவினைச் சுழற்சி நடப்பது அங்கேதான். கார்பன் டை ஆக்சைடும் அங்கேதான் பிரிகிறது. அதிலுள்ள ஆக்சிஜன், மொத்தக் கணக்கில், பாதி குளுக்கோஸுடையது, பாதி தண்ணீருடையது. மூச்சுக்காற்றுக்கு அதில் பங்கில்லை.

உணவிலிருந்து பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறுகின்றன. அந்த ஆற்றலில் புரோட்டான்கள் சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. வரிசையின் கடைசியில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே, அதுதான் ஆக்சிஜன். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களையும் நான்கு புரோட்டான்களையும் வாங்கி இரண்டு தண்ணீர் மூலக்கூறாகிறது. சயனைடு அடைப்பது சரியாக இந்த இடத்தைத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தாலும் செல்லால் அதைப் பயன்படுத்த முடியாது.

வெளியே தள்ளிய புரோட்டான்கள் திரும்பி வரும் வழியில்தான் பெருமளவு ஏடிபி உருவாகிறது. பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மிட்செல் இதை 1961-ல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஒரு பழைய மாளிகையைச் சோதனைக்கூடமாக்கி அவர் வேலையைத் தொடர்ந்தார். 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் இருக்கும் நொதி நிஜமாகவே சுழல்கிறது. 1997-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் அதன் ஒரு பகுதியைக் கண்ணாடியில் ஒட்டி, அச்சில் ஒளிரும் இழையொன்றைக் கட்டி, ஏடிபியை ஊற்றிப் பின்னோக்கி ஓடவிட்டார்கள். இழை சுற்றுவது மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. அந்தப் படப்பதிவை மகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். எந்த வரைபடமும் அதற்கு ஈடாகாது.

பழைய புத்தகங்களில் ஒரு குளுக்கோஸுக்கு 36, 38 ஏடிபி என்று இருக்கும். இன்றைய கணக்கு 30-லிருந்து 32. தயாரான ஏடிபியை மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து வெளியே அனுப்பவும் கொஞ்சம் புரோட்டான்கள் செலவாகின்றன. பழைய கணக்கில் அதைக் கழிக்கவில்லை.