காலிக்குடத்தோடு நின்றதற்கு வழக்கா?

கேள்வி: வேலூர் மாவட்டத்தில் பாலாற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. வாரக்கணக்கில் குடிநீர் வரவில்லை. ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்டு மனு கொடுத்தோம். 'காவல் சட்டம் 30(2) அமலில் இருக்கிறது, முடியாது' என்று ஸ்டேஷனில் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். இருபது பேர் காலிக்குடங்களோடு தாலுகா ஆபீஸ் எதிரே ஓரமாக நின்று கோஷம் போட்டோம். கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டார்கள். இப்போது எஃப்.ஐ.ஆர். இருக்கிறதாம். அதில் என் மகன் பெயரும் உண்டு. அவன் குரூப் 4 எழுதியிருக்கிறான். அபராதம் கட்டி முடித்துவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அபராதம் கட்டுவது என்றால் நீதிபதி முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்வது. சில நூறு ரூபாயோடு தொல்லை விட்டது என்று தோன்றும். ஆனால் தண்டனை பெற்றவன் என்று மகன் பெயரில் பதிவாகிவிடும்.

முதலில் எஃப்.ஐ.ஆர். நகலை எடுங்கள், காவல்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) 189 (சட்டவிரோதக் கூட்டம்), 126 (வழிமறிப்பு), 223 (அதிகாரியின் உத்தரவை மீறியது) ஆகிய பிரிவுகளைத்தான் போடுவார்கள். இதில் 223 போலீஸ் தாங்களாக நடத்தக்கூடிய வழக்கே அல்ல. உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் இதே குற்றத்துக்கு இருந்த 188ஆம் பிரிவு பற்றி இதைத்தான் 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதிருப்தியைக் காட்ட அமைதியாகக் கூடுவது சட்டவிரோதக் கூட்டம் ஆகாது என்றும் சொல்லி, அங்கே வந்த வழக்குகளை ரத்து செய்தது.

அப்புறம் அந்த 30(2). அது 1861ஆம் ஆண்டு காவல் சட்டம், 1857 கிளர்ச்சியின் சூடு ஆறுமுன் வெள்ளைக்கார அரசு போட்டது. அந்தச் சட்டமே லைசென்ஸ் வாங்கிக் கூடச் சொல்கிறது, கூடவே கூடாது என்று சொல்லவில்லை. ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசமைப்பின் 19ஆவது பிரிவு தரும் உரிமை. தெருவில் கூட்டமே கூடாது என்று ஒரேயடியாகத் தடுக்க முடியாது, இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தலாம் என்று 1972இலேயே ஹிமத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 2020இல், டெல்லி ஷாஹீன் பாக் போராட்ட வழக்கில், பொதுவழியைக் காலவரையின்றி அடைத்து உட்காரக் கூடாது என்றும் சொன்னது. நீங்கள் ஓரமாக நின்றீர்கள், சரி. மறியல் செய்திருந்தால் இவ்வளவு தெம்பாக எழுதியிருக்க மாட்டேன்.

வழக்கை ரத்து செய்யச் சொல்லி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528இன் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போடுங்கள். எல்லோரும் சேர்ந்தே போடலாம், செலவு பங்காகும். மகன் எந்தப் படிவத்திலும் வழக்கை மறைக்க வேண்டாம். இள வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும், வேலை தருபவர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று 2016இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் 'விடலாம்' என்றுதான் சொன்னது. அவர் மனசை நம்பி நாம் எதற்கு இருக்க வேண்டும்?

இன்னும் தண்ணீர் வரவில்லையென்றால் அனுமதி மனுவை ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். வேலூர் அண்ணா கலையரங்கம் அருகே போல, வழக்கமாக ஆர்ப்பாட்டம் நடக்கும் இடத்தைக் கேட்டால் மறுப்பது கஷ்டம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் ரிட் மனு போட்டுவிடலாம்.