பாட்டி வீட்டு லட்சுமி படம்: இப்போதே கொடுத்துவிடாதீர்கள்

ஓவியர் ராஜா ரவி வர்மாவின் கையெழுத்துள்ள லட்சுமி படத்தை 5,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். கையெழுத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது படத்தோடு சேர்ந்தே அச்சானது. பூதக்கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். புள்ளிகள் ஒரே ஒழுங்கில் கோலப்புள்ளி போல நின்றால் பிற்கால ஆஃப்செட் பிரதி. மணல் தூவியது போலச் சிதறி, நிறத்தின் மேல் நிறம் படிந்திருந்தால் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து எடுத்த பழைய அச்சு. அடுத்து கீழ் ஓரம்: 1894-இல் பம்பாயில் தொடங்கி, பின்னர் லோனாவாலா பக்கம் போன ரவி வர்மாவின் அச்சகத்தின் பெயர் இருந்தால் நல்ல சான்று. கண்ணாடிச் சட்டத்துக்குள் பொருத்துவதற்காக ஓரத்தை வெட்டியிருந்தால் மதிப்பு குறையும். புடவைமேல் ஒட்டிய ஜரிகையையும் சமிக்கியையும் தயவுசெய்து பிய்க்காதீர்கள்! அந்தக் கைவேலைக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம்.