தேதி இருந்தும் ஹைப்போகுளோரைட் நுரைக்கவில்லை என்றால்

அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். லேபிளில் 3 சதவீதம், அடுத்த வருடக் காலாவதித் தேதி, ஆனாலும் பல்லின் வேர்க்குழாயைக் கழுவ விட்டால் நுரையே இல்லை என்கிறீர்கள். அந்தத் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்குத்தான். நீங்கள் திறந்தே இரண்டு மாதம் ஆகிறதே.

எனக்குச் சந்தேகம் ஜன்னலோரம் இருக்கும் அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பாட்டில் மேல்தான். வெளிச்சமும் சூடும் படப்பட சோடியம் ஹைப்போகுளோரைட் வெறும் உப்புத் தண்ணீராகிக்கொண்டே போகும். குழாய்த் தண்ணீரில் கலந்திருந்தால் அதிலுள்ள உலோக அயனிகள் இன்னும் வேகப்படுத்தும்.

கொட்டுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். துவரம்பருப்பு அளவில் இரண்டு துண்டு பச்சைக் கோழிக்கறி. ஒன்றைப் பழைய திரவத்திலும் மற்றதை இன்று திறந்த அதே 3 சதவீதத்திலும் போடுங்கள். புதியதில் கறியைச் சுற்றிக் குமிழ் கிளம்பும், ஓரம் வழுவழுப்பாகிக் கரையும். பழையதில் கறி அப்படியே கிடந்தால் விஷயம் முடிந்தது. வாசனையை மட்டும் நம்பாதீர்கள், வீரியம் போன திரவம்கூட மூக்கைத் துளைக்கும். சரியான சதவீதம் வேண்டுமென்றால் பொட்டாசியம் அயோடைடு, தயோசல்பேட் வைத்து டைட்ரேஷன் (சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் சோதனை) செய்யவேண்டும்.

ஆனால் ஒன்று: பல்கூழ் (பல்லுக்குள் இருக்கும் மென்திசு) ஏற்கெனவே அழுகிக் காலியான குழாயில் நல்ல திரவமும் பெரிதாக நுரைக்காது. அப்புறம், ஈடிடிஏ (குழாய்ச் சுவரின் படிவை நீக்கும் திரவம்) விட்டதும் கழுவாமல் இதை விட்டாலும் இதிலுள்ள குளோரின் சட்டென்று செத்துவிடும்.