உபுண்டு, விண்டோஸ் இரண்டுக்கும் பொதுவான மேகச் சேமிப்பகம்

உபுண்டு, விண்டோஸ் கணினிகள் இரண்டிலும் ஒரே கோப்புறையை, இணையம் இல்லாதபோதும் திறக்கும்படி வைத்திருக்க எந்த மேகச் சேமிப்பகம் (கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் சேவை) ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் குறிப்பிட்ட கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் ஆகிய மூன்றில் டிராப்பாக்ஸே பொருந்தும். உபுண்டு லினக்ஸ் வகை இயங்குதளம்; கூகுள் டிரைவுக்கும் ஒன்டிரைவுக்கும் லினக்ஸுக்கான அதிகாரபூர்வச் செயலி இல்லை.

உபுண்டுவின் கோப்பு மேலாளரில் கூகுள் டிரைவ் தெரிந்தும் ரயில் பயணத்தில் கோப்பு திறக்கவில்லை என்கிறீர்கள். அங்கே தெரிவது இணையம் வழியாக வரும் பட்டியலே தவிர, வட்டில் உள்ள நகல் அன்று என்பதே காரணமாக இருக்கக்கூடும். வீட்டிலேயே இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அண்மையில் தொடாத ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்; திறக்காவிட்டால் இதுவே காரணமாக இருக்கலாம்.

டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கில் 2 ஜிபி இடமும் 3 சாதனங்களும் மட்டுமே என்பதால் (கூகுளின் 15 ஜிபி தாராளம் இங்கில்லை), கோப்புறையின் அளவை முதலில் பார்த்துவிடுங்கள். ஒரு கணினியில் அழித்தது மற்றதிலும் அழியும். மீட்க 30 நாள்தான் அவகாசம். எனவே வெளி வன்வட்டில் தனி நகல் ஒன்று அவசியம்.