கேட்டுக்கு வெளியே பேட்டரி வண்டி: எடுக்கலாமா, கூடாதா?

கேள்வி: ஓசூரிலிருந்து தளி போகும் சாலையை ஒட்டி எங்கள் மூத்தோர் குடியிருப்பு இருக்கிறது. உள்ளே போய்வர ஆறு பேர் உட்காரும் பேட்டரி வண்டி, அதாவது கோல்ஃப் கார்ட், ஒன்று வைத்திருக்கிறோம். கேட்டிலிருந்து சுமார் 400 மீட்டரில், சாலைக்கு எதிர்ப்புறம், பஸ் நிறுத்தமும் மருந்துக்கடையும் பிள்ளையார் கோயிலும் உள்ளன. அதுவரை வண்டியை எடுத்துப் போகலாம் என்கிறார்கள் சிலர். பின்பக்கம் பார்த்து உட்காரும் இருக்கையிலிருந்து அண்மையில் ஓர் அம்மா கீழே விழுந்துவிட்டார். 78 வயதுப் பெரியவர் ஒருவர் தானே ஓட்டுவேன் என்கிறார். சங்கம் என்ன முடிவெடுக்க வேண்டும்?

பதில்: முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், எடுக்கக் கூடாது. காரணம் சட்டத்தில் பாதி, வண்டியின் அமைப்பில் பாதி.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு, தொழிற்சாலைக்குள்ளோ சுற்றி அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று செய்த சிறப்பு வண்டிகளை ‘மோட்டார் வாகனம்’ என்ற கணக்கிலிருந்து விலக்குகிறது. உங்கள் வண்டி பதிவெண் இல்லாமல் ஓடுவது இந்த விலக்கின் தயவில்தான். கேட்டைத் தாண்டியதும் அந்தத் தயவு போய்விடும். பொதுச் சாலையில் ஓட வேண்டுமானால் பதிவு, ஓட்டுநர் உரிமம், மூன்றாம் நபர் காப்பீடு மூன்றும் வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ளலாமே என்றால், அந்த மாடல் சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் வகை ஒப்புதல் சோதனையில் முன்கூட்டியே தேறியிருந்தால்தான் பதிவாகும். வளாக உபயோகத்துக்கென்று விற்கும் வண்டிகள் அந்தச் சோதனைக்கே போவதில்லை. காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை அபராதம் 2,000 ரூபாய். அது போனால் போகிறது. ஒரு பைக்காரர் மோதி அடிபட்டால் இழப்பீடு முழுவதும் வண்டியின் சொந்தக்காரர் தலையில், அதாவது சங்கத்தின் தலையில் விழும்.

பலரும் பார்க்கத் தவறும் விஷயம் ஒன்று உண்டு. உங்கள் குடியிருப்பு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைப்பிரிவா, அல்லது ஒரே வளாகமாகக் கட்டிட அனுமதி வாங்கியதா? மனைப்பிரிவு என்றால் உள் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கோ மாநகராட்சிக்கோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். சுற்றிலும் காம்பவுண்டு சுவர், வாசலில் செக்யூரிட்டி எல்லாம் இருந்தாலும் காகிதத்தில் அது பொதுச் சாலை. அப்படியிருந்தால் ‘அடைத்த வளாகம்’ என்ற வாதமே ஆட்டம் காணும். பில்டரிடம் அனுமதி வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். வளாகத்துக்குள் நடக்கும் விபத்துக்கும் தனியாகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைப்பது நல்லது. அதில் ‘பயணிகளை ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டி’ என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஓட்டுகிறார்களே என்று யாராவது கேட்பார்கள், பிள்ளைகள் அங்கே இருப்பவர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஃப்ளோரிடாவின் ‘தி வில்லேஜஸ்’ போன்ற ஓய்வுக்கால ஊர்களில் இந்த வண்டிகளுக்கென்றே தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். சாலையில் இறங்கும் குறைவேக வாகனத்துக்கு 1998 முதல் அங்கே தனி விதி இருக்கிறது: முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், கண்ணாடிகள், முன்பக்கக் கண்ணாடித் தடுப்பு, சீட் பெல்ட் எல்லாம் கட்டாயம். நம் தளி சாலையில் கிரானைட் கல் ஏற்றிய லாரியும் தக்காளி வேனும் பைக்கும் ஒரே தடத்தில் போகின்றன. கதவில்லாத, பின்சக்கரத்தில் மட்டும் பிரேக் உள்ள வண்டிக்கு அங்கே வேலையில்லை.

அந்த 400 மீட்டருக்கு வழி, பதிவெண் உள்ள ஆட்டோ ஒன்றை மாத வாடகைக்குப் பேசிக்கொள்வது. காலை கோயில் நேரம், மாலை மருந்துக்கடை நேரம் என்று இரண்டு நடை போதும். பேட்டரி வண்டி கேட்டுவரை கொண்டுவந்து விடட்டும். சாலையிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் உள்ளே ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, விழுந்த அம்மா விஷயம். இந்த வண்டிகளில் ஆபத்தின் பெரும்பகுதி மோதுவதில் இல்லை, விழுவதில் இருக்கிறது. ஆறு மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தை 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால், உட்கார்ந்திருப்பவரின் எடையில் பாதியளவு விசை அவரை வெளிப்பக்கம் தள்ளும். 60 கிலோ எடையுள்ளவரை 30 கிலோ தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே திருப்பத்தை 10 கிலோமீட்டரில் எடுத்தால் தள்ளுவது 8 கிலோதான். வேகம் பாதியானால் விசை கால்வாசி ஆகிறது. ரெக்சின் இருக்கையில் பட்டுப் புடவை எப்படி வழுக்கும் என்பது தெரிந்ததே. பக்கத்தில் இருக்கும் குட்டைக் கைப்பிடி இடுப்புக்குக் கீழே நிற்பதால் தடுப்பதற்குப் பதிலாக நெம்பித் தூக்கிவிடவும் கூடும்.

எந்தப் பக்கம் திரும்பும்போது ஆபத்து அதிகம் என்பது ஸ்டீயரிங் இருக்கும் பக்கத்தைப் பொறுத்தது. ஸ்டீயரிங் வலப்பக்கம் என்றால், வலது திருப்பத்தில் இடப்பக்கப் பயணி வெளியே தள்ளப்படுவார். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதால் அவருக்கு அது உறைக்காது. பின்பக்கம் பார்த்து உட்காருபவருக்குத் திருப்பம் கூடத் தேவையில்லை. நின்ற வண்டி சட்டென்று கிளம்பினாலே இருக்கை அவருக்கு அடியிலிருந்து நழுவிப் போகும். வண்டி போகும் பாதை அவர் கண்ணில் படுவதில்லை. எப்போது கிளம்பும், எப்போது திரும்பும் என்று அவரால் ஊகிக்க முடியாது.

ஆகவே முதலில் அந்தப் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு சாமான் தட்டாக மாற்றிவிடுங்கள். ஆறு பேர் வண்டி நான்கு பேர் வண்டியாகும், ஆகட்டும். அடுத்து, விற்ற டீலரை வரவழைத்து கன்ட்ரோலரில், அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில், இரண்டு மாற்றங்கள் செய்யச் சொல்லுங்கள். ஒன்று, உச்ச வேகத்தை 12 கிலோமீட்டராகக் குறைப்பது. மற்றது, ஆக்சிலேட்டரை மிதித்ததும் வேகம் ஏறும் விதத்தை மெதுவாக்குவது. முதலாவதை எல்லோரும் கேட்பார்கள், இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. கிளம்பும்போது வெட்டி இழுப்பது நிற்பது இரண்டாவதால்தான். கையடக்கக் கருவியைச் செருகிச் சில நிமிடத்தில் முடிக்கும் வேலை இது. 20 கிலோமீட்டரில், ஓட்டுபவர் சுதாரிக்க ஒன்றரை விநாடி பிடித்தால், வண்டி நிற்க 13 மீட்டர் ஆகும். 12 கிலோமீட்டரில் 7 மீட்டர் போதும்.

இடுப்பு பெல்ட் போடலாமா என்பதில் இரு கருத்து உண்டு. மேற்கூரை வெயிலுக்கும் மழைக்கும்தான். வண்டி கவிழ்ந்தால் அது தாங்காது, பெல்ட் போட்டவர் உள்ளே சிக்கிக்கொள்வார் என்பது ஒரு பக்கம். ஆனால் சமதளமான தெருவில் 12 கிலோமீட்டரில் வண்டி கவிழ்வது அபூர்வம், ஆள் விழுவது சகஜம். பெல்ட் போடுவதே சரி. தோள் உயரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், ஏறுவதற்கு ஒரு கூடுதல் படியும் உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் வைக்க வேண்டும், இல்லையென்றால் கன்ட்ரோலர் போய்விடும்.

சின்ன விஷயங்கள் மூன்று கவனத்துக்கு. புடவை முந்தானையும் துப்பட்டாவும் பின்சக்கரத்துப் பக்கம் தொங்கக் கூடாது; மட்கார்டுக்கும் இருக்கைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். கைத்தடியை முன்பக்கம் சாய்த்து வைத்தால் அது உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் நிற்கும். தடிக்கென்று பின்னால் ஒரு குழாய் மாட்டுங்கள். ஓட்டுபவர் செருப்பைக் கழற்றி காலடியில் வைப்பதும் அதே ஆபத்துதான்.

பிரேக்கைப் பற்றி. பெரும்பாலான கோல்ஃப் கார்ட்களில் கேபிள் இழுத்து வேலை செய்யும் டிரம் பிரேக், அதுவும் பின்சக்கரங்களில் மட்டும். கேபிள் நாளடைவில் நீளும், பிரேக் ஷூ தேயும், மிதி ஆழமாகிக்கொண்டே போகும். தினமும் ஓட்டுபவருக்கு அது பழகிவிடுவதால் தெரியாது. வாரம் ஒரு முறை உங்கள் வளாகத்தின் செங்குத்தான சரிவில் முழுப் பாரத்துக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றி நிறுத்தி, பார்க்கிங் பிரேக் மட்டும் போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அன்றே சரிசெய்ய வேண்டும். காரைப் போல கியரில் போட்டு நிறுத்தும் வசதி இதில் கிடையாது. இருக்கைக்கு அடியில் உள்ள ‘டோ/ரன்’ (இழுத்துச் செல்ல/ஓட்ட) சுவிட்சை ‘டோ’வில் விட்டுவிட்டால் மோட்டார் தரும் தடுப்பும் போய், வண்டி சரிவில் தன்பாட்டுக்கு உருளும். டயர் காற்று பொதுவாக 18 முதல் 22 பிஎஸ்ஐ. இரு பக்கமும் சமமாக இல்லையென்றால் பிரேக் அடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கும்.

பேட்டரி ஈயம்-அமில வகை என்றால், சார்ஜ் முடிந்த பிறகுதான் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும். முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழிந்து தட்டையும் கேபிளையும் அரிக்கும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், அது மூழ்கும்வரை முன்னதாகக் கொஞ்சம் ஊற்றலாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றோட்டமில்லாத அறையிலோ பூஜை விளக்கு எரியும் இடத்துக்குப் பக்கத்திலோ சார்ஜ் போடக் கூடாது. முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவலாம், மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும்.

நடந்தே போவோம் என்பவர்களுக்கு. நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும். மூத்தவர் ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால், ஏழு மீட்டர் சாலையைக் கடக்க 9 விநாடி. 80 கிலோமீட்டரில் வரும் கார் அதற்குள் 200 மீட்டர் வந்துவிடும். கேட்டிலிருந்து இருபுறமும் 200 மீட்டரை நாடா வைத்து அளந்து, அங்குள்ள புளியமரத்தையோ மின்கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி அந்த அடையாளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் காத்திருப்பது. வளைவு காரணமாக 200 மீட்டர் தெரியவே இல்லையென்றால் அது கடக்கும் இடமே அல்ல.

இந்தப் பகுதிக்கே உரிய சில சங்கடங்களும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் காலை எட்டு மணிவரை பனிமூட்டம் நிற்கலாம்; அந்த நேரத்தில் கடக்கவே வேண்டாம், கோயிலுக்கு ஒன்பது மணிக்குப் போனால் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். ராகி, கொள்ளு அறுவடை நேரத்தில் கதிரைச் சாலையிலேயே பரப்பி வண்டிகள் மிதிக்க விடுவார்கள். தாள் மேல் பைக் வழுக்கும், அதைத் தவிர்க்க ஒதுங்கும் வண்டி ஓரம் நடப்பவர் மேல் வரும். காலுக்கும் அது வழுக்கல்தான். ராகி முற்றும் பருவத்தில் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வனப்பகுதிகளிலிருந்து யானைகள் வயலுக்கு இறங்குவதுண்டு. வனத்துறை எச்சரித்த நாட்களில் பொழுது சாய்ந்தபின் வெளியே நடை வேண்டாம்.

வேகத்தடையோ கடக்கும் கோடோ வேண்டுமென்றால் சங்கமே போடக் கூடாது. அந்தச் சாலை யார் கையில் இருக்கிறது என்பதைக் கிலோமீட்டர் கல்லின் தலையே சொல்லும்: மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அதற்கேற்ற துறைக்கு முகவரியிட்டு, திங்கட்கிழமை கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். கேட்டின் படம், கடக்கும் முதியவர்களின் எண்ணிக்கை, இருபுறமும் எத்தனை மீட்டர் பார்வைக்குத் தெரிகிறது என்ற அளவு மூன்றையும் இணைத்துக் கொடுத்தால், மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

விழுந்தவரை உடனே தூக்கி உட்காரவைக்கும் பழக்கத்தை விடுங்கள். ஒரு கால் குட்டையாகவோ பாதம் வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம்; அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடுபவர்களின் பட்டியல் செக்யூரிட்டி அறையில் இருக்கட்டும்.

78 வயதுப் பெரியவருக்கு வயதைக் காட்டி மறுக்க வேண்டாம், சோதனை வைத்து முடிவெடுங்கள். அதே சோதனை 35 வயது ஓட்டுநருக்கும் உண்டு. வேறு பயணிகள் இல்லாத வண்டியில், 12 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது பக்கத்தில் இருப்பவர் ‘நிறுத்து’ என்று எதிர்பாராமல் சொல்ல வேண்டும். பத்து தடவையில் ஒரு தடவை பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரில் கால் போனாலும் சாவி கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் சோதிக்கலாம். சாவியைப் பற்றி இன்னொன்று: ஒரே மாடல் வண்டிகள் பலவற்றுக்கு ஒரே சாவி பொருந்தும். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வருமுன் பூட்டை மாற்றிவிடுங்கள், அல்லது மறைவாக ஒரு தனி சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள்.