டாலிவுட் கிறிஸ்மஸ், ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

டிசம்பர் வந்துவிட்டால் ஹால்மார்க் சேனலின் கிறிஸ்மஸ் படங்களை விடாமல் பார்ப்பேன் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். நீங்களுமா? போன வாரம் என் மகளின் பிடிவாதத்தால் ‘கிறிஸ்மஸ் அட் டாலிவுட்’ படத்தை முழுதாகப் பார்க்க வேண்டியதாயிற்று. நாங்கள் சார்லட்டில் இருக்கிறோம், பாடகி டாலி பார்ட்டனின் தீம் பார்க்கான டாலிவுட், பக்கத்து டென்னசியில், எங்களுக்குக் காரில் போய்வருகிற தூரம்தான், பிள்ளைகளோடு போய்ச் சுற்றிய இடம். அதனாலேயே பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. இது படமா, இரண்டு மணி நேர விளம்பரமா? டிக்கெட் விலையைத் திரையில் போடாததுதான் பாக்கி. அதைவிட முக்கியமாக, படித்து, வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் பெண் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தால்தான் அவளுக்கு நல்லது நடக்கும் என்று எல்லாப் படத்திலும் ஏன் ஒரே பாட்டு? பதினான்கு வயது மகளிடம் நான் என்ன சொல்வது? இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

தங்கள் வாசகி,
சார்லட், வட கரோலினா

அன்புள்ள சகோதரிக்கு,

விளம்பரம்தான், அதில் என்ன சந்தேகம்? 2019 டிசம்பரில் வந்த படம். பூங்காவின் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது, டாலி பார்ட்டன் டாலி பார்ட்டனாகவே வந்து புன்னகைக்கிறார், கதாநாயகிக்கு வேலையே அந்தப் பூங்காவின் 30வது ஆண்டு கிறிஸ்மஸ் கொண்டாட்டத்தை நடத்திக் கொடுப்பது, கதாநாயகனோ பூங்கா நிர்வாகத்தில் இருப்பவன், இவள் எதற்கு நடுவில் என்று முறைத்துக்கொண்டேதான் ஆரம்பிக்கிறான். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. எடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். ஹால்மார்க், 1910இல் கான்சாஸ் சிட்டியில் அஞ்சலட்டை விற்க ஆரம்பித்து வாழ்த்து அட்டையில் பெரிய ஆளான நிறுவனம், பண்டிகையை நம்பியே வளர்ந்தது. பண்டிகை விற்பவரும் பூங்கா நடத்துபவரும் கைகோத்து எடுத்த படத்தில் விளம்பரம் இருக்கிறது என்று கோபப்படுவது, கல்யாண வீடியோவில் எங்கே பார்த்தாலும் சொந்தக்காரர்களாகவே இருக்கிறார்களே என்று கோபப்படுகிற மாதிரி.

நான் ஏன் பார்க்கிறேன் என்றால், முதல் காரணம் தொழில்நேர்த்தி. சிரிக்காதீர்கள். இந்தப் படங்களை ஏறக்குறைய மூன்றே வாரத்தில் எடுத்துவிடுகிறார்கள், பல படங்கள் கனடாவில், நல்ல கோடையில். வெயிலில் கம்பளிக் கோட்டும் கழுத்துத் துணியும் போட்டுக்கொண்டு, போலிப் பனியில் நின்று, குளிர்கிறது என்று கையைத் தேய்த்துக்கொள்ள வேண்டும் அந்த நடிகர்கள். விளம்பர இடைவேளைகளுக்குத் தோதாகக் கதையை வெட்டிவைத்திருப்பார்கள், ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நீங்கள் ரிமோட்டைத் தொடாமல் இருக்க ஒரு சின்னக் கொக்கி. பாதிக்கு மேல் போனதும் முகமும் முகமும் நெருங்கும், சரியாக அந்த நேரம் பார்த்து போன் அடிக்கும், இல்லை ஒரு குழந்தை ஓடி வரும். முத்தம் கடைசிச் சில நிமிடங்களில்தான். இது எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் பார்க்கிறார்கள். ஒன்றும் ஆகாது என்ற உறுதியை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பயமுறுத்துவதுதான் ரோலர் கோஸ்டரின் வியாபாரமும், அதனால் இந்த வகைப் படத்துக்குத் தீம் பார்க்கைவிடப் பொருத்தமான களம் கிடையாது என்பது என் கட்சி.

அப்புறம், அந்தக் கதாநாயகி டேனிகா மெக்கெல்லர். சின்ன வயதில் ‘தி வொண்டர் இயர்ஸ்’ தொடரில் வந்து அமெரிக்காவையே தன் பக்கம் திருப்பியவர். பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கணிதம் படித்தார். சும்மா பட்டத்துக்காக இல்லை, அவர் பெயரையும் சேர்த்து அழைக்கப்படும் ஒரு தேற்றமே இருக்கிறது. கணக்கென்றால் ஓடும் பெண்பிள்ளைகளுக்காகப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார். மகளிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்களே, முதலில் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் உண்மையான கேள்வி. ஊர் திரும்பும் பெண். நகரத்தில் வேலை இருக்கும், நிம்மதி இருக்காது, ஊரில் பழைய வீடு இருக்கும், சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு நல்ல ஆண் நிற்பான். எனக்கும் இது அலுப்புதான். ஆனால் இந்தப் படத்தில் வேடிக்கையே, அந்தச் சூத்திரத்தைக் கொண்டுபோய் அதற்கு நேர் எதிரான ஒரு வாழ்க்கை கட்டிய இடத்தில் வைத்ததுதான்.

டாலி பார்ட்டன் 1946இல் டென்னசியின் செவீர் கவுண்டியில், ஸ்மோக்கி மலையடிவாரத்தில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் ஒரு மூட்டை சோளமாவைக் கொடுத்தார் அப்பா. அந்த டாக்டரின் பெயரில்தான் பூங்காவுக்குள் ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது, நீங்கள் கவனிக்காமல் தாண்டியிருக்கலாம். 1964இல் பள்ளிப்படிப்பு முடிந்தது. மறுநாளே, பாட்டுத் தொழிலின் ஊரான நாஷ்விலுக்கு பஸ் ஏறிவிட்டார். மறுநாளே! ஊர் நல்ல ஊர்தான், வீட்டில் பாசத்துக்கும் குறைவில்லை, இருந்தும் போனார். போய் இறங்கிய முதல் நாள், அழுக்குத் துணியைத் துவைக்க ஒரு சலவையகத்துக்குப் போன இடத்தில் கார்ல் டீனைச் சந்தித்தார். 1966இல் கல்யாணம். தார்ச்சாலை போடும் தொழில் நடத்திக்கொண்டு, மனைவியின் வெளிச்சத்துக்குள் வராமலேயே வாழ்ந்த அந்த மனிதர் 2025 மார்ச்சில் இறக்கும்வரை அந்தக் கல்யாணம் நீடித்தது. காதல் நகைச்சுவைப் படம் எடுக்கிறவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டிய காட்சி இது, ஆனால் அவர்களுடைய சூத்திரத்துக்குள் அடங்காது. காதல் கிடைத்தது ஊரில் இல்லை, ஊரைவிட்டுப் போன இடத்தில், முன்பின் தெரியாத நகரத்தில், துணி மூட்டையோடு நிற்கும்போது.

அவர் திரும்பியது எப்போது? நாற்பதாவது வயதில், அதுவும் கையில் காசோடு. அதே செவீர் கவுண்டியின் பிஜன் ஃபோர்ஜ் ஊரில் 1961இலிருந்தே ஒரு நீராவி ரயிலை வைத்துச் சின்னப் பூங்கா ஒன்று நடந்துகொண்டிருந்தது, கைமாறும்போதெல்லாம் அதற்குப் பெயரும் மாறும். பூங்கா நடத்துவதே தொழிலான ஹெர்ஷெண்ட் குடும்பம் அதை நடத்திய காலத்தில் டாலி பங்காளியாகச் சேர்ந்தார், 1986இல் டாலிவுட் ஆயிற்று. யாரையோ கட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார வரவில்லை, முதலாளியாக வந்தார். தன் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை மனதில் வைத்து 1995இல் அதே செவீர் கவுண்டிக் குழந்தைகளுக்கு மாதம் ஒரு புத்தகம் இலவசமாக அனுப்ப ஆரம்பித்தார், அது இன்று பல நாடுகளுக்குப் போகிறது. 2016 நவம்பரில் அந்த மலைப்பக்கம் காட்டுத்தீ பிடித்து வீடுகள் எரிந்தபோது, வீடிழந்த குடும்பங்களுக்கு அவருடைய அறக்கட்டளை மாதம் ஆயிரம் டாலர் வீதம் ஐந்து மாதமும், ஆறாவது மாதம் ஐயாயிரமும் கொடுத்தது. 2022இல், பூங்காவில் சேரும் ஊழியருக்கு முதல் நாளிலிருந்தே, பருவகால ஊழியர்களையும் சேர்த்து, கல்லூரிக் கட்டணத்தை நிறுவனமே ஏற்கும் என்று அறிவித்தார்கள்.

இதைச் சொல்வதால் டாலிவுட்டைக் கோயிலாக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். காசு பார்க்கிற இடம்தான். டாலி வளர்ந்த இரண்டு அறை வீட்டின் நகல் அங்கே இருக்கிறது. கட்டியது அண்ணன் தம்பிகளில் ஒருவரான பாபி, உள்ளே எது எங்கே இருந்தது என்று ஒழுங்கு செய்தது அம்மா ஏவி லீ, சாமான்களில் பெரும்பாலானவை குடும்பத்தின் பழைய சாமான்களே. மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, வரிசையாகப் பாத்திரம், படுக்கை. மக்கள் பஞ்சுமிட்டாயோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சொந்த வறுமையைக் காட்சிக்கு வைத்துக் கட்டணம் வாங்குவதில் ஒரு கூச்சம் இருக்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றும். உடனேயே, அது அவர்களுடைய வறுமைதானே, வேறு யாராவது விற்பதற்கு அவர்களே விற்றுக்கொள்ளட்டுமே என்றும் தோன்றும். இதில் எனக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை.

ஆகவே என் குறை வேறு. படம் விளம்பரமாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை, இவ்வளவு நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு பண்டிகைக்குப் பண்டிகை வரும் அதே கதையை எடுத்தார்களே என்பதுதான் வருத்தம். சூத்திரத்துக்குள்ளேயே நின்று கொஞ்சம் திருப்பியிருக்கலாம். சண்டை போட்டுக்கொண்டே விளக்குத் தொங்கவிடும் இரண்டு பேர் கதை போதும், அவளைக் கடைசியில் பஸ் ஏற்றிவிட்டு அவனைப் பின்னால் ஓடவிட்டிருந்தால் டாலியின் பூங்காவுக்கு ஏற்ற படமாக இருந்திருக்கும். அந்தச் சேனல்காரர்கள் அதற்கு ஒருநாளும் சம்மதிக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

மகளைப் படம் பார்க்க விடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. ஊர் திரும்புவது அவளுக்கு அசட்டுத்தனமாகத் தெரிந்தால் அவளே சிரித்துக்கொள்வாள், பதினான்கு வயதுக்காரர்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. அடுத்த முறை போனால் அந்த இரண்டு அறை வீட்டின் முன் நிறுத்தி, அம்மா அப்பாவோடு இத்தனை பிள்ளைகளும் இதில் எங்கெங்கே படுத்திருப்பார்கள் என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். இலவங்கப்பட்டை ரொட்டிக்கு வரிசை நீளமாக இருக்கும், ஆனால் வெண்ணெயும் சர்க்கரையும் சொட்டச் சொட்டச் சுடச்சுடத் தருவார்கள் என்பதால் நிற்கலாம். ரயிலில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அலாஸ்கா பக்கம் ஓடிய பழைய நிலக்கரி எஞ்சின்களையே இன்னும் வைத்திருக்கிறார்கள், எஞ்சினை ஒட்டிய பெட்டியில் உட்கார்ந்தால் கரித்துகள் கண்ணில் விழும்.